ஃபங்ஷன் பாயிண்ட் சான்றிதழ்த் தேர்வு: எதை எழுதுவது, மார்க் எங்கே போகிறது

சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஈப்போவில் உள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். செம்பனைத் தோட்டங்களுக்கு செக்ரோல் (தொழிலாளரின் வேலையும் சம்பளமும் பதியும் பதிவேடு) சிஸ்டம் எழுதுகிறோம். மென்பொருளின் அளவைக் கணக்கிடும் சர்டிபிகேட் ஒன்று எடுக்கச் சொல்கிறார் மேனேஜர். எதை எடுப்பது, எப்படிப் படிப்பது, நம் பக்கத்தில் இருந்துகொண்டு எழுத முடியுமா?"

முதலில் எது என்பதை முடித்துவிடுவோம். இந்தத் துறையில் கவனிக்க வேண்டிய சான்றிதழ் இரண்டுதான்: இஃப்பக், காஸ்மிக். 1979-இல் ஐபிஎம்மில் ஆலன் ஆல்பிரெக்ட், மென்பொருள் பயனருக்குச் செய்து தரும் வேலைகளை எண்ணி அதன் அளவைச் சொல்லும் ஃபங்ஷன் பாயிண்ட் முறையை வெளியிட்டார். அதை வளர்த்துப் பராமரிக்க 1986-இல் உருவான அமைப்பு இஃப்பக். காஸ்மிக் 1998-இல் தொடங்கியது, பழைய முறையின் குறைகளைத் தாண்ட வேண்டும் என்று கிளம்பியவர்களுடையது. இரண்டுக்கும் ஐஎஸ்ஓ எண் உண்டு. இஃப்பக்குக்கு 20926, காஸ்மிக்குக்கு 19761. நெதர்லாந்தின் நெஸ்மா, பின்லாந்தின் ஃபிஸ்மா, பிரிட்டனின் மார்க் டூ ஆகியவையும் ஐஎஸ்ஓ தரம் பெற்றவைதான். ஆனால் மலேசியாவில் இருந்து அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை.

எதை எடுப்பது என்பதை உங்கள் ஆர்வத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்கை யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். அலுவலக வேலை, வங்கி, சம்பளம், பதிவேடு போன்ற சிஸ்டங்களை அளந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விலை சொல்லும் இடத்தில் இஃப்பக் கணக்குதான் அதிகம் புழங்குகிறது. பிரேசிலிலும் இத்தாலியிலும் அரசாங்க ஒப்பந்தங்களிலேயே அது இருக்கிறது. பினாங்கு சிப் தொழிற்சாலைகளுக்கு எழுதும் எம்பெடெட் (கருவிக்குள்ளேயே ஓடும்) மென்பொருளோ, சென்சாரோடு பேசும் ரியல் டைம் மென்பொருளோ என்றால் காஸ்மிக் நன்றாகப் பொருந்தும். உங்களுடையது செக்ரோல், சம்பளம், மில் எடைச்சீட்டு. இஃப்பக்கை எடுங்கள். காஸ்மிக் கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால் அதை இரண்டாவதாகப் படித்து வையுங்கள், தேர்வை அவசரமாக எழுத வேண்டாம்.

இஃப்பக்கில் ஒரே தேர்வில் இரண்டு பட்டம் இருக்கிறது. மொத்தத்தில் 90 விழுக்காடும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 80 விழுக்காடும் எடுத்தால் சிஎஃப்பிஎஸ், அதாவது ஸ்பெஷலிஸ்ட். மொத்தம் 80-ஐத் தொட்டு, ஒவ்வொரு பகுதியும் 70-க்குக் குறையாமல் இருந்தால் சிஎஃப்பிபி, அதாவது பிராக்டிஷனர். பகுதிகள் மூன்று: விதிகளைக் கேட்கும் டெஃபினிஷன், சின்னச் சூழ்நிலைகளில் விதியைப் பொருத்தும் இம்ப்ளிமெண்டேஷன், முழுதாக எண்ணிக் காட்டும் கேஸ் ஸ்டடி. முதல் இரண்டில் 97 வாங்கிவிட்டு கேஸ் ஸ்டடியில் 78 வாங்கினால், மொத்தம் 90-ஐத் தாண்டினாலும் ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. பலருக்குச் சறுக்குவது அங்கேதான். அதனால் படிக்கும் நேரத்தில் பாதியை கேஸ் ஸ்டடிக்கு ஒதுக்குங்கள், தேர்வு நேரத்தையும் அப்படியே பிரியுங்கள்.

எளிது, நடுத்தரம், கடினம் என்று பார்த்து எத்தனை பாயிண்ட் என்று சொல்லும் எடை அட்டவணையை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். எதை எண்ணுவது, எதை எண்ணக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் மார்க் போகிறது. உங்கள் செக்ரோல் சிஸ்டத்தையே எடுத்துப் பார்ப்போம்.

முதல் வேலை எல்லைக்கோடு. மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கையில் ஒரு ஃபோன் ஆப் இருக்கிறது, கிராணியின் (எழுத்தரின்) மேசையில் ஒரு வெப் திரை, சர்வர் கோலாலம்பூரில் எங்கோ. புரோகிராமர் கண்ணுக்கு இது மூன்று. பயனர் கண்ணுக்கு ஒரே செக்ரோல். எல்லையைப் பயனர் பார்வையில்தான் போட வேண்டும் என்பது விதி. ஆகவே ஃபோனிலிருந்து சர்வருக்கு சிங்க் ஆவது எல்லைக்குள்ளேயே நடக்கிறது, அதற்குப் பாயிண்ட் இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கு மனம் ஒப்பாது. மூன்று வாரம் அந்த சிங்க்கோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். உழைப்பு வேறு, அளவு வேறு.

அடுத்து தரவு. எல்லைக்குள் பராமரிக்கப்படும் தர்க்கரீதியான கோப்பு ஐஎல்எஃப். வேறொரு அப்ளிகேஷன் பராமரித்து, நாம் பார்க்க மட்டும் செய்வது ஈஐஎஃப். டேட்டாபேஸ் டேபிளை எண்ணிக் கொடுத்தால் தோல்விதான். தொழிலாளர் டேபிள், அவர் குடும்ப உறுப்பினர் டேபிள் என்று இரண்டு இருக்கும். தொழிலாளரின் பதிவை நீக்கிவிட்டால் குடும்பப் பதிவுக்குத் தனியாக ஏதும் அர்த்தம் உண்டா? இல்லை. அப்படியானால் இரண்டும் சேர்ந்து ஒரே ஐஎல்எஃப், உள்ளே ரெட் எனப்படும் துணைக்குழு 2. அதில் டெட், அதாவது பயனருக்குப் புரியும் தனித்தனி விவரம், 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெட் 2 முதல் 5, டெட் 20 முதல் 50 என்ற கட்டத்தில் விழுகிறது. நடுத்தரம், 10 பாயிண்ட்.

பிளாக் (தோட்டத்தின் ஒரு பிரிவு) விவரம் ஒரு ரெட், 8 டெட், எளிது, 7. அன்றாட அறுவடைப் பதிவும் எளிது, 7. மில்லின் எடைச்சீட்டை மில் சிஸ்டம் பராமரிக்கிறது, நாம் படிக்க மட்டும் செய்கிறோம். எளிய ஈஐஎஃப், 5. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மில்லில் இருந்து வரும் ஃபைலை உள்ளே ஏற்றி, கிராணி அதில் திருத்தமும் செய்கிறார் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால், அது நம் ஐஎல்எஃப் ஆகிவிடும். வெறும் வேகத்துக்காக நகல் எடுத்து வைத்திருந்தால் ஈஐஎஃப்தான். வராததற்கான காரணக் குறியீடு (1 மருத்துவ விடுப்பு, 2 மழை என்கிற மாதிரி குறியீடும் விளக்கமும் மட்டும் கொண்ட டேபிள்) கோட் டேட்டா. கோப்பாக எண்ணக்கூடாது, அதை நிரப்பும் திரையையும் எண்ணக்கூடாது, அதிலிருந்து வரும் டிராப் டவுனையும் எண்ணக்கூடாது. தேர்வில் இது ஏதாவது ஒரு வேடத்தில் வந்தே தீரும்.

தரவு மொத்தம் 10 + 7 + 7 + 5 = 29.

இனிப் பரிவர்த்தனைகள். மண்டோர் அறுவடையைப் பதியும் திரையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். தேதி, தொழிலாளர் எண், பிளாக் எண், குலை எண்ணிக்கை, உதிரிப்பழம் எத்தனை கிலோ, மண்டோர் எண்: 6 டெட். பிழை அல்லது உறுதிச் செய்தி காட்டும் வசதிக்கு 1. சேமிக்கச் சொல்லும் வசதிக்கு 1. பட்டன், மெனு, ஷார்ட்கட் என்று மூன்று வழி இருந்தாலும் ஒன்றுதான். ஆக 8. தலைப்பு எழுத்துகளும் பக்க எண்ணும் சேராது. எஃப்டிஆர் என்பது அந்தச் செயல் தொடும் கோப்புகள். அறுவடையில் எழுதுகிறது, தொழிலாளரையும் பிளாக்கையும் சரிபார்க்கப் படிக்கிறது. 3. இன்புட்டுக்கு, அதாவது ஈஐக்கு, எஃப்டிஆர் 3-ம் டெட் 5 முதல் 15-ம் என்றால் கடினம், 6 பாயிண்ட். எட்டே விவரம் உள்ள சின்னத் திரை கடினமா என்று கேட்கத் தோன்றும். தொடும் கோப்புகள்தான் தூக்கிவிடுகின்றன. எஃப்டிஆரில் படிப்பதை விட்டுவிட்டு எழுதுவதை மட்டும் எண்ணுகிறவர்கள் இதை 3 என்று போட்டுப் பாதிப் பாயிண்டை இழப்பார்கள்.

தொழிலாளரைப் புதிதாகச் சேர்ப்பது மூன்று டேப் உள்ள திரை. முதல் டேபை மட்டும் நிரப்பிச் சேமித்தால் பதிவு முழுமையாகாது என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே அடிப்படைச் செயல். பயனருக்குப் பொருள் தரும் மிகச் சிறிய, தன்னளவில் முடிந்த, வேலையைச் சீரான நிலையில் விட்டுச்செல்லும் செயல் எதுவோ அதுதான் எண்ணும் அலகு. எஃப்டிஆர் 1, டெட் 16-க்கு மேல்: நடுத்தரம், 4. சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது மூன்றும் தனித்தனி ஈஐ என்பதை மறக்க வேண்டாம். விளக்கத்துக்காக இங்கே சேர்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொழிலாளர் விவரத்தைப் பார்ப்பது ஈகியூ, அதாவது இருப்பதை எடுத்துக் காட்டும் செயல். 1 எஃப்டிஆர், 20-க்கு மேல் டெட், நடுத்தரம், 4. மாதச் சம்பள அறிக்கை ஈஓ, அதாவது அவுட்புட், ஏனென்றால் கணக்குப் போடுகிறது. 3 எஃப்டிஆர், 9 டெட், நடுத்தரம், 5. நம் அறுவடையையும் மில் எடையையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் அறிக்கையும் ஈஓ. 2 எஃப்டிஆர், 7 டெட், நடுத்தரம், 5. ஈஓவா ஈகியூவா என்ற குழப்பம் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: கணக்குச் சூத்திரம் இருக்கிறதா, ஐஎல்எஃப் எதையாவது புதுப்பிக்கிறதா, இருக்கும் விவரத்திலிருந்து புது விவரம் உருவாக்குகிறதா, அப்ளிகேஷனின் நடத்தையை மாற்றுகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் ஈஓ. எடுத்துக் காட்டுவதோடு நின்றால் ஈகியூ. பெயர் வரிசை, எண் வரிசை என்று அடுக்கி மாற்றுவது வகையையும் மாற்றாது, புதுச் செயலாகவும் ஆக்காது.

பரிவர்த்தனை 4 + 6 + 4 + 5 + 5 = 24. தரவோடு சேர்த்து 53 ஃபங்ஷன் பாயிண்ட்.

இதுவரை ஓரளவு எல்லோருக்கும் வந்துவிடும். பிரித்துவிடுவது என்ஹான்ஸ்மெண்ட், அதாவது இருக்கும் சிஸ்டத்தை மாற்றும் கேள்வி. வாடிக்கையாளர் வந்து, "பழுத்த குலை, காய்க்குலை என்று பிரித்துப் பதிய வேண்டும், மில் ஒப்பீட்டு அறிக்கை வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்கிறார். திட்ட அளவு என்ன, அப்ளிகேஷனின் புது அளவு என்ன?

அறுவடைப் பதிவுத் திரையில் இரண்டு டெட் கூடி 10 ஆகிறது. இன்னும் கடினமே, 6. இரண்டு புலம்தானே கூடியது என்று பின்னமாகப் போடக்கூடாது. மாறிய செயலுக்கு முழு 6. அறுவடை ஐஎல்எஃபிலும் இரண்டு விவரம் கூடுகிறது, அதுவும் மாறியதுதான்: 7. மாற்றம் மொத்தம் 13. நீக்கும் அறிக்கைக்கு 5. இங்கேதான் பலர் கணக்கை மூடிவிடுவார்கள். எடைச்சீட்டு ஈஐஎஃபைத் தொட்டது அந்த அறிக்கை ஒன்றுதான். அது போனால் ஈஐஎஃபை எந்தச் செயலும் பார்ப்பதில்லை, ஆகவே அதுவும் எண்ணிக்கையிலிருந்து போகிறது: இன்னொரு 5. திட்ட அளவு 13 + 10 = 23. நீக்குவதும் வேலை என்பதால் திட்டத்தில் கூட்டுகிறோம். அப்ளிகேஷனின் அளவோ, பழைய அளவோடு, புதிதாகச் சேர்த்ததையும் மாற்றத்துக்குப் பிந்திய அளவையும் கூட்டி, மாற்றத்துக்கு முந்தியதையும் நீக்கியதையும் கழிப்பது: 53 + 13 − 13 − 10 = 43. ஒரே வேலையில் 23 பாயிண்ட் செய்திருக்கிறோம், சிஸ்டம் 10 பாயிண்ட் சுருங்கியிருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்ளாத அளவுக்குக் கை பழக வேண்டும்.

காய்க்குலைக்குச் சம்பளத்தில் வெட்டு உண்டு என்று கேஸ் ஸ்டடியின் மூலையில் ஒரு வரி இருந்தால் சம்பள அறிக்கையின் கணக்கும் மாறிவிட்டது; அதற்கு இன்னும் 5. கேஸ் ஸ்டடியை இரண்டு முறை வாசிக்கச் சொல்வது இதற்குத்தான். முதல் தடவை எதையும் எண்ணாதீர்கள்.

பழைய எக்செல் பதிவுகளை ஒருமுறை மட்டும் புது சிஸ்டத்தில் ஏற்றுவது கன்வர்ஷன். திட்ட அளவில் சேரும், அப்ளிகேஷன் அளவில் சேராது. பழைய புத்தகங்களில் 14 பொதுப் பண்புகளுக்கு 0 முதல் 5 வரை மார்க் போட்டு, 0.65 முதல் 1.35 வரை ஒரு பெருக்கெண் எடுப்பார்கள். இஃப்பக்கின் 4.3 எண்ணும் கையேட்டில் அது பின்னிணைப்புக்குப் போய்விட்டது, ஐஎஸ்ஓ கணக்கில் அது இல்லை. சூத்திரத்தைத் தெரிந்து வையுங்கள், ஆனால் அதிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள்.

காஸ்மிக்கில் இதே திரை எப்படி வரும் என்று பார்த்தால் இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். அங்கே எளிது, நடுத்தரம், கடினம் என்ற அட்டவணையே இல்லை. தரவுக்குழு ஒன்று நகரும் ஒவ்வொரு நகர்வுக்கும் 1 சிஎஃப்பி, அதாவது காஸ்மிக் ஃபங்ஷன் பாயிண்ட். அறுவடை விவரம் உள்ளே வருவது 1, தொழிலாளரைப் படிப்பது 1, பிளாக்கைப் படிப்பது 1, அறுவடையை எழுதுவது 1, செய்தி வெளியே போவது 1. மொத்தம் 5. இரண்டு புலம் கூடினால் மாறுவது உள்ளே வரும் நகர்வும் எழுதும் நகர்வும்தான், 2 சிஎஃப்பி. இஃப்பக்கில் இதே மாற்றத்துக்கு 13 வந்தது. ஒன்றை மற்றதாக மாற்ற நிலையான விகிதம் எதுவும் கிடையாது. இரண்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் கலந்து வைக்கும் அலுவலகத்தில் மதிப்பீடு உருப்படாது. சின்னச் சின்ன மாற்றங்களே வேலையாக இருக்கும் குழுவுக்குக் காஸ்மிக்தான் நியாயமான அளவு என்பது என் கருத்து. ஆனால் உங்கள் மேனேஜர் கேட்பது வாடிக்கையாளர் ஏற்கும் சான்றிதழ், அது வேறு விஷயம்.

சிம்பிள் ஃபங்ஷன் பாயிண்ட் என்று ஒன்றும் இப்போது இஃப்பக் குடையின் கீழ் இருக்கிறது. செயல் ஒன்றுக்கு 4.6, கோப்பு ஒன்றுக்கு 7, அவ்வளவுதான். மேலே உள்ள உதாரணத்துக்கு 5 செயல், 4 கோப்பு: 23 + 28 = 51. டெண்டர் கட்டத்தில் விரலால் ஒரு கணக்குப் போட நல்லது. இஃப்பக்கின் ஸ்னாப் என்பது வேகம், பாதுகாப்பு, திரை அமைப்பு போன்ற, ஃபங்ஷன் பாயிண்டில் அடங்காத பகுதிக்கு. அதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படிப்பதற்கு, வேலையோடு சேர்த்து வாரம் ஆறேழு மணி நேரம் என்றால் பத்து வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் 4.3 கையேடு மட்டும். வரையறைகளை ஆங்கிலச் சொற்களிலேயே மனதில் பதியுங்கள், தேர்வில் சொல் மாறாமல் வரும். மூன்று அட்டவணையையும், அதாவது கோப்புக்கு ஒன்று, ஈஐக்கு ஒன்று, ஈஓ ஈகியூ இரண்டுக்கும் ஒன்று, பார்க்காமல் வெள்ளைத்தாளில் எழுதிப் பழகுங்கள். ஈஐக்கு டெட் எல்லை 4-ம் 15-ம், ஈஓவுக்கு 5-ம் 19-ம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோவது வழக்கமான தவறு. பிறகு மூன்று வாரம் உங்கள் செக்ரோல் சிஸ்டத்தையே முழுதாக எண்ணுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எந்த விதியால் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வராத இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். மிச்ச வாரங்கள் கடிகாரம் வைத்துக் கேஸ் ஸ்டடி.

பணம் கட்டும் முன் உங்கள் எச்ஆர் பிரிவிடம் பேசுங்கள். 10 மலேசியரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், தொழிலாளர் பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப்புக்கு 1 விழுக்காடு லெவி கட்டுகிறது. பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் வகுப்பு என்றால் அந்தப் பணத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் விண்ணப்பம் வகுப்பு தொடங்கும் முன் போயிருக்க வேண்டும். முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் நடக்காது. தேர்வுக் கட்டணம் அமெரிக்க டாலரில், கார்டில் போகும்; எவ்வளவு, உறுப்பினராக இருக்க வேண்டுமா என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதலாம், சுங்கை சிப்புட் ஒரு தடையே இல்லை. பெயர்ப் பதிவில் மட்டும் கவனம் வேண்டும். மைகார்டில் (அடையாள அட்டையில்) நம் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி இருக்கும்; தேர்வுப் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போடுங்கள். உறுதி மின்னஞ்சலில் வரும் பெயர் நீங்கள் காட்டப்போகும் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். தேர்வு நாளன்று கண்காணிப்பாளரிடம் ஏ/எல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பாஸ்போர்ட் இருந்தால் அதையே காட்டுவது மேல்.

காலை நேரத்தைப் பிடியுங்கள். பேராக்கில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், கரண்டும் லைனும் போவது அப்போதுதான். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து, ரௌட்டருக்கு ஒரு யுபிஎஸ் போடுங்கள். அறையில் வேறு குரல் கேட்டாலே கண்காணிப்பாளர் நிறுத்திக் கேட்பார். தாமான் (குடியிருப்பு) வீட்டுச் சுவர் மெல்லியது. பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடும், தேதி போடும் முன் கோயில் நோட்டீஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அலுவலகத்தின் கூட்ட அறை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் கம்பெனி நெட்வொர்க்கின் ஃபயர்வால் தேர்வு மென்பொருளைத் தடுக்கிறதா என்று முதல் வாரமே சோதித்துப் பாருங்கள்.

சிஎஃப்பிஎஸ் மூன்று வருடம் செல்லும். அதன் பிறகு மறுபடி எழுதலாம், அல்லது நீட்டிப்புத் திட்டத்தில், கணக்கெடுப்பு, பயிற்சி போன்ற வேலைகளுக்குக் கிடைக்கும் புள்ளிகளைச் சேர்த்துப் புதுப்பிக்கலாம். அதற்குச் சான்று கேட்பார்கள். ஆகவே தேர்வு முடிந்த வாரத்திலிருந்தே எந்தத் திட்டம், எந்தத் தேதி, எத்தனை பாயிண்ட், யார் சரிபார்த்தது என்று ஒரு ஷீட் திறந்து எழுதி வாருங்கள்.